எஸ்.ஆரில் மனைவி பெயர்

அரசு ஊழியர் இறந்த பிறகு அவர் மனைவிக்கு மாதம் எவ்வளவு வரும் என்பதை விதி சொல்லிவிடும். அது எப்போது வரும், வருமா என்பதை, அவர் உயிரோடு இருந்தபோது யாரோ எழுதிய அல்லது எழுதாமல் விட்ட இரண்டு மூன்று வரிகள்தான் சொல்லும். கருவூலத் துறையில் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கொடைக்கானல் சார் கருவூலத்தில் பென்ஷன் பிரிவில் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். கொண்டுவந்த பையிலிருந்து அவர்கள் காகிதங்களை எடுத்து வைக்கும்போதே, இது சீக்கிரம் முடியுமா, வருஷக்கணக்கில் இழுக்குமா என்று தெரிந்துவிடுகிறது.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த ஊர் அடுக்கம். பெருமாள்மலையில் பிரிந்து, கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கும் பாதையில் இருக்கிறது. காப்பி, மிளகு, மலை வாழை என்று சரிவெல்லாம் தோட்டம். இப்போது தார்ச்சாலை இருக்கிறது. பெருமழை பெய்தால் மண் சரிந்து அடைத்துக்கொள்ளும். நான் வேலைக்கு வந்த காலத்தில் பெரியகுளத்துக்கு நடந்தே இறங்குவார்கள். ஊர் கொடைக்கானல் வட்டத்தைச் சேர்ந்தது. 1985 வரை மதுரை மாவட்டம், பிறகு திண்டுக்கல். கீழே இருக்கும் பெரியகுளம் பின்னால் தேனி மாவட்டத்துக்குப் போய்விட்டது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கீழே போக வேண்டும். தாசில்தார் கையெழுத்துக்கும் பென்ஷனுக்கும் மேலே வர வேண்டும். புருஷனை இழந்த பெண்ணுக்கு இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரிய செலவு என்பது மேஜைக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியாது.

அந்தப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்தவர்கள் பெரிய உத்தியோகஸ்தர்களின் குடும்பங்கள் அல்ல. சாலைப் பணியாளர், காட்டுக் காவலர், தலையாரி, பள்ளிக்கூட வாத்தியார், அலுவலக உதவியாளர், இப்படித்தான். வீட்டில் மாதச் சம்பளம் என்று வந்த ஒரே வருமானம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

நான் சேர்ந்த புதிதில் பிரிவில் ஒரு மூத்த கணக்கர் இருந்தார். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978 என்ற புத்தகத்தின் 49ஆம் விதி அவருக்கு மனப்பாடம். குடும்ப ஓய்வூதியம் முழுக்க அந்த விதிக்குள்தான். 1964 ஏப்ரல் 1 முதல் நம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்த திட்டம் அது. அதற்கு முன்னால் இறந்தவர்களின் மனைவிமார் கதியை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம், பென்ஷன் என்பது அரசு மனமிரங்கிக் கொடுக்கும் இனாம் அல்ல, உழைத்தவரின் உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. இன்றும் டிசம்பர் 17தான் ஓய்வூதியர் நாள். தீர்ப்பு வந்த பிறகு, கவுண்டரில் நிற்கும் பெண்களை யாரும் "பிச்சை கேக்கிற மாதிரி வந்து நிக்கிறாங்க" என்று சொன்னால் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அவரிடம் வேலை பழகியது என் பாக்கியம்.

என் நினைவில் ஆழமாக இருப்பது மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்த ஒரு கேஸ். மகன் சாலை வேலையில் இருந்தவர், காய்ச்சலில் போய்விட்டார். கல்யாணத்துக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால் பணிப்பதிவேட்டில், நாங்கள் எஸ்.ஆர். என்போம், நாமினி என்று தாயின் பெயர் இருந்தது. பிறகு கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். எஸ்.ஆரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அவர் வேலை பார்த்த அலுவலகத்தில், பணம் எல்லாம் தாய்க்குத்தான் என்று யாரோ சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பெண்களும் பெருமாள்மலை வரை ஒரே பஸ்ஸில் வந்தும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் வந்திருந்தார்கள்.

அந்த அலுவலகம் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் குழப்பியிருந்தது. இந்தக் குழப்பம் இன்றும் பல இடங்களில் இருக்கிறது. பணிக்கொடைக்கு நாமினேஷன் உண்டு. குடும்ப ஓய்வூதியத்துக்கோ நாமினேஷனே கிடையாது. யார் பெயரை எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும், மனைவி இருந்தால் மனைவிக்கு. அவர் இல்லாவிட்டால், அல்லது மறுமணம் செய்துகொண்டால், தகுதியுள்ள பிள்ளைகளுக்கு. ஆனால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றில் தாயின் பெயரும் இருக்கும், ஏனென்றால் அது வேறு சட்டம். ஒரே மனிதர் இறந்ததற்கு, ஒரு காகிதம் தாயை வாரிசு என்கிறது, இன்னொரு விதி தாயைக் கடந்து போகிறது.

இதை மூத்த கணக்கர் அந்தத் தாயிடம் விளக்கினார். "எம் மகன் சம்பாதிச்ச காசுய்யா, எனக்கு இல்லையா?" என்று அந்த அம்மா கேட்டார். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மருமகளைப் பார்த்து, "பென்ஷன் உன் பேருக்குத்தாம்மா வரும், அதை யாராலும் தடுக்க முடியாது. இந்த ஆத்தா சோத்துக்கு நீதான் பொறுப்பு" என்றார். அதைச் சொல்ல எந்த விதியும் அவருக்கு அதிகாரம் தரவில்லை. இருந்தாலும் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குப் பட்டது. பிற்காலத்தில் நானும் பல பேரிடம் அதையே சொல்லியிருக்கிறேன்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நேரத்தில் பாதியைத் தின்றது இதுதான். எஸ்.ஆரில் லட்சுமி, ரேஷன் கார்டில் லெட்சுமியம்மாள், பேங்க் புத்தகத்தில் தகப்பன் இனிஷியல், வாக்காளர் அட்டையில் புருஷன் இனிஷியல். ஊரில் கூப்பிடும் பெயர் வேறு. அவர் இருந்தவரை இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. இறந்த மறுநாளிலிருந்து ஒவ்வொரு எழுத்தும் ஒரு கேள்வியாகிவிடும். இருவரும் ஒருவரே என்று சான்று வாங்க வி.ஏ.ஓ.விடம் போக வேண்டும், அங்கிருந்து ஆர்.ஐ., அங்கிருந்து தாலுகா ஆபீஸ். அடுக்கத்திலிருந்து ஒரு தடவை மேலே வந்து போனால் ஒரு நாள் கூலி போயிற்று. பயணச் செலவு தனி.

அதனால் ஓய்வு பெறப் போகிறவர்கள் பென்ஷன் பேப்பர் கொடுக்க வந்தால், முதலில் மனைவி பெயரைத்தான் பார்ப்பேன். கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த புகைப்படம் ஒட்ட வேண்டும். மலைக் கிராமங்களிலிருந்து வரும் தம்பதிகள் சிலருக்குச் சேர்ந்து எடுத்த முதல் படமே அதுதான். ஸ்டூடியோக்காரர் நெருங்கி உட்காரச் சொன்னால் கூச்சப்படுவார்கள். பென்ஷன் ஆணையில், அதாவது பி.பி.ஓ.வில், மனைவியின் பெயரும் குடும்ப ஓய்வூதியத் தொகையும் அப்போதே ஏறிவிட்டால், கணவர் காலமானதும் இறப்புச் சான்றோடும் விண்ணப்பத்தோடும் கருவூலத்துக்கு வந்தால் போதும். அது ஏறாமல் போன பழைய பி.பி.ஓ.க்களுக்குத் துறை அலுவலகம், சென்னை மாநிலக் கணக்காயர் அலுவலகம் என்று கோப்பு ஒரு முழுச் சுற்று சுற்றி வர வேண்டும்.

கணவர்கள் மறைத்து வைத்த விஷயம் என்றால் இரண்டாம் திருமணம். கணவர் இறந்த பிறகுதான் முதல் மனைவிக்கே தெரியவந்த கேஸ்கள் உண்டு. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்துக்குப் பிறகு, முதல் மனைவி உயிரோடு இருக்க, விவாகரத்தும் ஆகாமல் செய்த இரண்டாம் திருமணம் செல்லாது. அந்தப் பெண் இருபது வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியிருந்தாலும் விதி அவரை மனைவியாகப் பார்க்காது. அவருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் பங்கு உண்டு. 2000இல் உச்ச நீதிமன்றம் ராமேஸ்வரி தேவி வழக்கில் சொன்னதும் இதைத்தான். கவுண்டரின் இந்தப் பக்கம் நின்று இதை ஒரு பெண்ணிடம் சொல்வது கடினமான வேலை. இறந்தவர் செய்த காரியத்துக்கான தண்டனை முழுவதும் ஏமாற்றப்பட்ட பெண்ணின் தலையில் வந்து விழுவதை நான் ஒருபோதும் நியாயம் என்று ஏற்றுக்கொண்டதில்லை.

விதி தெரிந்தவர்களையே கலங்கடிப்பது கூடுதல் குடும்ப ஓய்வூதியம். சாதாரண குடும்ப ஓய்வூதியம் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடு. ஏழு ஆண்டு பணி முடித்தவர் பணியில் இருக்கும்போதே இறந்தால், முதல் ஏழு ஆண்டுகளுக்கு, அல்லது அவர் உயிரோடு இருந்தால் 65 வயது ஆகியிருக்கும் நாள் வரைக்கும், இதில் எது முந்தியதோ அதுவரை, 50 விழுக்காடு. அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய் என்றால் முதலில் 15,000, பிறகு 9,000. இரண்டுக்கும் மேல் அகவிலைப்படி உண்டு. அந்த நாள் வந்ததும் தொகை ஒரே மாதத்தில் இறங்கிவிடும். பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதாக இருக்கும். "சார், யாரோ என் பென்ஷன்ல கை வச்சுட்டாங்க" என்று அழுதுகொண்டே வருவார்கள். அதன் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முதல் மாதம் கையெழுத்துப் போட வரும்போதே, எந்த வருஷம் எந்த மாதம் தொகை குறையும் என்று அவர்கள் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்துவிடுவேன். அதைக் கணக்கில் வைத்துச் சீட்டுக் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பயம் கம்யூட்டேஷன். கணவர் பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிவிட்டார், அதனால் எனக்குக் குறைத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே பலர் வருவார்கள். அந்தப் பிடித்தம் கணவரோடு முடிந்தது. மனைவியின் பென்ஷனில் கை வைக்கமாட்டார்கள். இதைச் சொன்னதும் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். ஓய்வூதியர் இறந்தால் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் குடும்பப் பாதுகாப்பு நிதி உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. கணவரின் பென்ஷனில் மாதாமாதம் அதற்குப் பிடித்திருப்பார்கள், வீட்டில் சொல்லியிருக்கமாட்டார்.

ஆண்டு நேர்காணல் நெடுங்காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் நடந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷன்காரர் நேரில் வந்து காட்ட வேண்டும். வராவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். கொடைக்கானலுக்குச் சீசனும் அதே மாதங்கள்தான். பெருமாள்மலையிலிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி வரை வண்டிகள் நகராமல் நிற்கும். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்த குடும்பங்கள் பஸ்ஸில் இடம் பிடித்திருக்க, அடுக்கத்திலிருந்தும் பக்கத்து மலைகளிலிருந்தும் வந்த வயதான பெண்கள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருவார்கள். விடியலில் காட்டுமாடு நிற்கும் பாதையில் நடந்து வந்து முதல் பஸ் பிடித்தவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் கருவூல வாசலுக்கு வந்து சேர்வார். அவரைத் திரும்ப மறுநாள் வரச் சொல்வது பாவம் என்று எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த மூன்று மாதமும் சாப்பாட்டு நேரத்தில் கவுண்டரை மூடுவதில்லை.

பெரியகுளத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சிலரிடம் நானே சொல்லி, விண்ணப்பமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பென்ஷனை எந்தக் கருவூலத்தில் வாங்குவது என்பது வாங்குகிறவர் விருப்பம். மாவட்டம் மாறினாலும் தடையில்லை. மகள் கீழே கட்டிக்கொடுக்கப்பட்டிருந்தால் அதுதான் நல்லது.

கொரோனா காலத்தில் 2020லும் 2021லும் நேர்காணலிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு முறை மாறியது. எல்லோரும் ஒரே மூன்று மாதத்தில் முண்டியடிக்காமல் ஆளுக்கொரு மாதமாகப் பிரிந்தது. 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரரே வீட்டுக்கு வந்து, கைரேகையை இயந்திரத்தில் எடுத்து, உயிர்வாழ் சான்றை அனுப்பிவிடுகிறார். நான் பார்த்த மாற்றங்களில் இந்தப் பெண்களுக்கு நேரடியாகப் பயன்பட்டது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். ஒரே ஒரு குறை. காப்பிக்கொட்டை பறித்தும் களை கொத்தியும் தேய்ந்துபோன விரல்களில் ரேகை எளிதில் பதிவதில்லை. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது பதியாதபோது மறுபடியும் கருவூலத்துக்குத்தான் வர வேண்டும்.

ஏ.டி.எம். அட்டை வந்ததும் புதிதாக ஒரு சிக்கல் முளைத்தது. கணவர் இறந்ததைக் கருவூலத்துக்குத் தெரிவிக்காமல், வந்துகொண்டிருக்கும் பென்ஷனை மகன் எடுத்துக்கொண்டிருப்பான். அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. ஒரு வருஷம் கழித்துக் குடும்ப ஓய்வூதியம் கேட்டு அவர் வரும்போது, எடுத்ததையெல்லாம் கணக்குப் போட்டு அவர் பென்ஷனில் பிடிக்க வேண்டிவரும். துக்க வீட்டுக்குப் போகும்போதே, இறப்பைக் கருவூலத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிவிடுங்கள் என்று ஓய்வூதியர் சங்கத்து நண்பர்களிடம் கேட்டுக்கொள்வேன்; காரியம் முடிகிற வரை காத்திருக்க வேண்டாம்.

80 வயதானால் குடும்ப ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடும். 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, நூறு வயதுக்கு முழுதாக இன்னொரு மடங்கு. நல்ல விதி. ஆனால் மலையில் பிறந்த பாட்டிக்குப் பிறந்த தேதி ஏது? ஆதாரில் பலருக்கு ஜனவரி 1 என்று போட்டிருக்கிறது. பி.பி.ஓ.வில் பிறந்த தேதிக் கட்டம் காலியாகக் கிடக்கும். முதுகு வளைந்து, பேத்தி தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறவருக்கு எண்பது ஆகிவிட்டது என்பது கண்ணால் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், கோப்புக்கு மட்டும் தெரியாது. கணவர் ஓய்வு பெறும்போதே அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை. 2011இல் விவாகரத்தான, விதவையான, திருமணமாகாத மகள்களுக்கும் 25 வயதுக்கு மேல் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று அரசாணை வந்தபோதும் இதே கதைதான். மகளின் பெயரே எந்தக் காகிதத்திலும் இல்லாத குடும்பங்கள் எத்தனையோ.

இதெல்லாம் பழைய பென்ஷன் உள்ளவர்களின் சிக்கல்கள். அலைந்தால் கடைசியில் பணம் வரும். 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் என்றார்கள். சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு ஊழியர் போடுவார், அதே அளவு அரசு போடும். பணியில் இறந்தால் சேர்ந்த தொகை வட்டியோடு குடும்பத்துக்கு வந்தது, அவ்வளவுதான். மாதாமாதம் எதுவும் கிடையாது. பணிக்கொடையும் கிடையாது. பணியில் இறந்தவர்களுக்கான குடும்பப் பாதுகாப்பு நிதி மட்டும் உண்டு. 3 லட்சமாக இருந்தது, பிறகு 5 லட்சமானது.

இதில் அதிகம் அடிபட்டவர்கள் கடைநிலையில் இருந்தவர்கள். காட்டு வேலையிலும் சாலை வேலையிலும் தினக்கூலியாகப் பல ஆண்டு உழைத்துவிட்டுத்தான் நிரந்தரமாவார்கள். 2003 ஏப்ரல் 1க்கு முன் நிரந்தரமானவருக்குத் தினக்கூலிக் காலத்தில் பாதியைப் பென்ஷனுக்குச் சேர்த்துக்கொள்ள விதி இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு ஆணை வந்தவருக்கு அந்த உழைப்பு முழுவதும் கணக்கில் இல்லாமல் போயிற்று. ஒன்றாக வேலைக்கு வந்தவர்கள், ஒரே கட்டத்தில் கூலி வாங்கியவர்கள். ஒருவர் மனைவிக்கு ஆயுள் முழுவதும் பென்ஷன், இன்னொருவர் மனைவிக்கு ஒரு காசோலை. நெடுஞ்சாலைத் துறையில் 1997இல் எடுக்கப்பட்டு, 2002இல் ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டு, 2006இல் மறுபடி சேர்க்கப்பட்ட சாலைப் பணியாளர்களின் 41 மாதப் போராட்டம் எல்லோருக்கும் தெரியும். அந்த இடைவெளி பணிக்காலம் ஆகுமா ஆகாதா என்பது வெறும் சங்கக் கோரிக்கையாகக் காதில் விழும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது அரிசி வாங்கும் காசு.

அடுக்கம் பக்கத்தில் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண்ணின் கோப்பு என்னிடம் வந்தது. கணவர் பல வருஷம் கூலியாக இருந்து, 2003க்குப் பிறகு நிரந்தரமானவர், பணியிலேயே இறந்துவிட்டார். "எனக்கு மாசம் எவ்வளவு சார் வரும்?" என்று கேட்டார். 49ஆம் விதியைப் பக்கம் பக்கமாகத் தெரிந்த என்னால் அந்தக் கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்ல முடியவில்லை. கருணை அடிப்படையில் வேலை கேட்க மூன்று வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும், அதை இப்போதே எழுதுவோம் என்று மட்டும் சொன்னேன். மனுவை அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். துக்கத்திலும் படிப்பறிவு இல்லாததாலும் அந்த மூன்று வருஷத்தைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் அந்த அவசரம்.

2026 ஜனவரியில் தமிழ்நாடு அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. அதில் குடும்ப ஓய்வூதியமும் உண்டு என்றதும் அந்தப் பெண்ணின் நினைவுதான் வந்தது. அவருக்குச் சொல்லி அனுப்பினேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை. தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். கணவரின் தினக்கூலிக் காலத்துப் பட்டுவாடாப் பட்டியல் நகல், நிரந்தர ஆணை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். பெயர்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். நிரந்தர ஆணையில் கணவரின் தகப்பனார் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்தக் கேட்டுத் துறை அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதி, நகல் எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லிக் கொடுத்தேன்.